கூப்பிட்ட பேரும் எழுதின பேரும்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில் டன்சினன் பேர்போனது. ஸ்கொட்லாந்தின் பேர்த் பகுதியிலுள்ள ஒரு குன்றின் பெயர் அது. சேக்ஸ்பியரின் நாடகத்தில் மக்பெத் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டு ஒதுங்குகிற குன்று. தலவாக்கலைப் பக்கம் போனால் ஹோலிரூட், நானுஓயாப் பக்கம் போனால் எடின்பரோ. கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட துரைமார், விட்டுவந்த ஊரை நினைத்து இங்கத்தைய மண்ணுக்கு ஆசை ஆசையாகப் பேர் வைத்தார்கள். அந்த மண்ணில் கொழுந்து பறித்த பெண்களுக்கு யார், எப்படி, என்ன யோசித்துப் பேர் வைத்தார்கள் என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யோசித்தார்கள். லயத்துக் காம்பராவில், சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகவே யோசித்தார்கள்.

இன்று பெண்பிள்ளை பிறந்த வீட்டில் பேர் பேச்சு எழுந்தால், "ரெண்டெழுத்துல வைக்கணும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். நிலா, தியா, யாழி, மித்ரா. எழுத்தை எண்ணினால் மித்ராவில் மூன்று வரும். வாய்க்கு இரண்டு தட்டுத்தான். இந்தக் கணக்கு வாய்க்கணக்கு.

இது சினிமா கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. மலையகத்துப் பெண்ணுக்கு இரண்டு தட்டுப் பெயர் என்றைக்கும் இருந்தது, வாயில். அது காகிதத்துக்கு ஏறத்தான் பல தலைமுறை பிடித்தது.

கோப்பிக் காலத்தில் மலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். 1880களில் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும்; அந்த வேலைக்குப் பெண்களைத்தான் தோட்டங்கள் கேட்டன. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பல சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். லயத்தில் பெண்பிள்ளைகள் அதிகமாகப் பிறக்கத் தொடங்கிய காலம் அது.

வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த பெயர்கள் சாமி பெயர்கள். மாரியாயி, காளியம்மா, பேச்சியாயி, வள்ளியம்மா, பொன்னம்மா, முத்தாயி, கருப்பாயி, வீராயி, லெட்சுமி, மீனாச்சி. பெரும்பாலானவற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான்: மாரி, காளி, பேச்சி, வள்ளி, பொன்னி, முத்து, கருப்பி. இரண்டே தட்டு. அதன் மேல் "ஆயி"யோ "அம்மா"வோ ஏறியிருக்கிறது. பால் குடிக்கிற பிள்ளையை ஆயி என்றும் அம்மா என்றும் அழைப்பது மரியாதையும் பாசமும் ஒன்றாய்க் கலந்த பழக்கம். குறுகிய பெயர் தமிழுக்கு எவ்வளவு பழசு என்று பார்க்கப் போனால் ஔவையும் கோதையும் வந்து நிற்பார்கள்.

இந்தச் சாமிப் பேர்கள் வீட்டில் முழுசாகப் புழங்கியதும் குறைவு. அதற்கு ஒரு கட்டுப்பாடு காரணம். முதல் பெண்ணுக்கு அப்பாயி பேர், அடுத்தவளுக்கு அம்மாயி பேர் என்பது பல குடும்பங்களில் முறை. ஆனால் மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. தான் பெற்ற பிள்ளைக்குத் தன் மாமியாரின் பெயர். அதைச் சத்தமாகச் சொல்லி அதட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. தாய் என்ன செய்வாள்? தனக்கென்று ஒரு பேர் வைத்துக்கொண்டாள். பாப்பா, சின்னி, தங்கம், ராணி, செல்வி. சாமிக்கும் பாட்டிக்கும் ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர். பக்கத்துக் காம்பராவுக்கும், பிள்ளைக் காம்பரா ஆயாவுக்கும், மலைக்கு மலை கூப்பிடுகிற கூட்டாளிகளுக்கும் தெரிந்தது தாய் வைத்த பெயர்தான். பனி மூடிய மலையில் எட்டாவது நிரையிலிருந்து பதினைந்தாவது நிரைக்குக் குரல் கொடுக்க இரண்டு தட்டுக்கு மேல் தேவையுமில்லை.

எல்லாப் பேர்களும் ஆசையில் வைத்தவை என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு, குப்பாயி என்று பேர் வைத்தார்கள். இன்னொருத்தி கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கிப் பிச்சையம்மா என்றார்கள். ஒரு படி தவிட்டுக்கு விற்பதுபோல் விற்று மீட்டால் தவிட்டம்மா. வேண்டாத பண்டம்போலக் காட்டினால் எமன் கண்ணில் படாது என்ற நம்பிக்கை. இந்தப் பேர்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தோட்டத்துச் சிசு மரணக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தோட்டங்களில் அது நாட்டின் சராசரியைத் தாண்டியே நின்றது. 1973, 1974 பஞ்ச காலத்தில் இன்னும் ஏறியது. குப்பு என்ற பேர், செத்துப்போன அக்காமாருக்குப் பிறகு பிழைத்தவளின் பேர். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் கடைசியாய் வந்தவளுக்குப் போதும்பொண்ணு என்று வைத்ததும் உண்டு. அந்தப் பேரைச் சுமந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

இனி, எழுதின பேருக்கு வருவோம்.

1901இல் தொழிலாளரைக் கொண்டுவரத் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டியவரை வழியில் இருந்த அதிகாரிகள் அந்தந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டும் என்பது தகரத்தில் தெரியும். ஆள் யார் என்பது தெரியாது.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு பேர் ஏறிய இடம் செக்ரோல் என்ற வரவுப் புத்தகம். விடியக் கருக்கலில் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள்; கணக்கப்பிள்ளை பேர்களைச் சரிபார்த்து வேலை பிரிப்பார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாக இருக்கும். வேலை செய்த நாளுக்கு ஒரு குறி. அதனால் தோட்டத்துப் பேச்சில் "பேர்" என்பதே ஒரு நாள் சம்பளமாகிவிட்டது. கொழுந்து நிறை குறைந்தால், நேரம் பிந்தினால் "அரைப்பேர்". பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும். ஒரே செக்ரோலில் நாலு மாரியாயி இருந்தால் பெரிய மாரியாயி, சின்ன மாரியாயி, மேட்டு லயத்து மாரியாயி என்று பிரித்தார்கள். அல்லது புருசன் பேரையோ தகப்பன் பேரையோ சேர்த்தார்கள். சம்பள நாளில் பெண்ணின் பேருக்கு வந்த காசைப் புருசன் கைநீட்டி வாங்கியதும் வழமைதான். அந்தக் காசும் 1984 வரை ஆணின் நாட்சம்பளத்தைவிடக் குறைவு. ஒரு பெண்ணின் பேர் நாள்தோறும் எழுதப்பட்ட ஒரே புத்தகத்தில் அது அவளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

பிறப்புப் பதிவும் அப்படித்தான். நாட்டின் மற்றப் பகுதிகளில் பெற்றவர் பதிவாளரிடம் போய்ச் சொல்வார். தோட்டத்தில் பிறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்துதான் அறிக்கை பதிவாளருக்குப் போகும். தாய் சொன்ன பேர் மருத்துவிச்சி காதில் ஒரு மாதிரி விழுந்து, கிளாக்கர் ஐயா கையில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதப்பட்டு, பிற்காலத்தில் பதிவாளர் கந்தோரில் சிங்களத்தில் இன்னொரு மாதிரி ஆனது. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, லெச்சுமாயி எல்லாம் ஒருத்தியாகவே இருக்கலாம். பேர் வைக்குமுன்னே அறிக்கை போய்விட்டால் பேருக்குரிய கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிட முடியாத காலம் 1948இல் வந்தது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டச் சொன்னது. அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டன்மாருக்கு ஏது கடதாசி? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. செக்ரோலில் ஒரு பேர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், வாயில் ஒரு பேர் என்று இருந்த சனத்துக்கு அந்த விசாரணைகள் எப்படிப்பட்ட கிடுக்கியாக இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

1948ஆம் வருடத்துச் சட்டத்தின் தடம் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் நெடுங்காலம் இருந்தது. பிள்ளையின் பேர், பால். தகப்பனின் பேர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், தொழில். தாயின் பேரும் விவரமும். அதற்குக் கீழே ஒரு கட்டம்: பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பேர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்கும் கீழே பூட்டனாருக்கு ஒரு கட்டம். பாட்டிக்குக் கட்டம் இருந்ததில்லை. தகப்பன்வழிப் பாட்டி, தாய்வழிப் பாட்டி இருவருக்குமே இருந்ததில்லை.

இதைக் கவனித்த பிறகு, பாட்டி பேரைப் பேத்திக்கு வைத்த பழக்கம் புதிதாகத் தெரிகிறது. மூன்று தலைமுறை ஆண்களைக் கேட்ட காகிதத்தில் ஒரு பாட்டியின் பேர் நுழையக்கூடிய ஒரே வாசல், பேத்தியின் பேருக்கான கட்டம். திட்டம் போட்டுச் செய்ததில்லைதான். ஆனால் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய எத்தனையோ குடும்பங்களில், பாட்டியின் பேர் எழுத்தில் கடல் கடந்தது பேத்தியின் பேராகத்தான். 1964 ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அக்கா நீலகிரியிலும் தங்கச்சி பூண்டுலோயாவிலுமாகப் பிரிந்தபோது, இரண்டு பக்கமும் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரே பாட்டியின் பேர் விழுந்திருக்கும்.

வாய்ப்பேர் காகிதத்துக்கு ஏறத் தொடங்கியதும் ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான். ஒரே காரணம் சொல்வது சரியாகாது. பல வாசல்கள் முன்னும் பின்னுமாகத் திறந்தன.

தொழிற்சங்கம் ஒன்று. 1931இல் ஹட்டனில் கோ. நடேசய்யர் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். மலையில் ஆயிரம் மீனாச்சிகள் இருந்தார்கள். மேடையில் பேர் சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட மீனாட்சியை அவர்கள் கண்டது அப்போதுதான். இலங்கை இந்தியக் காங்கிரஸ் காலத்தில் கமலா, சரோஜினி, இந்திரா என்று தலைவிகளின், தலைவர் வீட்டுப் பெண்களின் பேர்களும் வந்தன.

அடுத்தது வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, பாட்டுக் கேட்டு எழுதும் நேயர்களின் பேர்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தது. டிரான்சிஸ்டர் லயத்துக்குள் வந்த பிறகு, அதுவரை செக்ரோலில் மட்டும் வாசிக்கப்பட்ட பேரை அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலில் கேட்கலாம் என்று ஆனது. தபாலட்டையில் எழுத அழகாக இருக்க வேண்டும், வானொலியில் கேட்க அழகாக இருக்க வேண்டும். மாலா, கலா, லதா, கீதா, உஷா, ராதா, சாந்தி, வாணி. மூக்காயியின் மகள் மாலா ஆனாள். மீனாச்சியின் பேத்தி, பாட்டி பேரையும் விடாமல், மீனா ஆனாள். வீட்டில் கூப்பிட்ட சின்னப் பேரைப் பிறப்புப் பதிவிலேயே போட்டால் என்ன என்று இளந்தாய்மார் கேட்கத் துணிந்த காலம் இது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் மூன்றாவது. 1970களின் இறுதியில் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கீழ் வந்தன. பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்கத் தொடங்கினார்கள். வரவு இடாப்பில் வாசிக்கப்படுகிற பேரைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயம் இருந்தது. தாயான பிறகு அந்த அபிப்பிராயத்தைத் தங்கள் பிள்ளைகள்மேல் காட்டினார்கள்.

சினிமாவின் பங்கை மறைக்கவே முடியாது. தன் கதாநாயகிகளுக்கு "ர"வில் தொடங்கும் பேர் வைப்பதை இயக்குநர் பாரதிராஜா ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' ராதாவைத் தந்தது, 1986இல் 'கடலோரக் கவிதைகள்' ரேகாவைத் தந்தது. ஹட்டன், தலவாக்கலைத் தியேட்டர்களில் படம் பார்த்துவிட்டு வந்து பேர் வைத்தவர்கள் குறைவில்லை. அதற்காக எல்லாச் சின்னப் பேரையும் சினிமாக் கணக்கில் எழுதக் கூடாது. ரதி என்ற பேரைக் கேட்டவுடன் நடிகையைச் சொல்பவர்கள், மாசியில் கம்பம் ஊன்றி ரதியையும் மன்மதனையும் இரவிரவாக ஆடவிடுகிற காமன் கூத்தை மறந்துவிடுகிறார்கள். மலையகத்தில் ரதி, திரைக்கு முன்பே வீதியில் ஆடியவள். சின்னப் பேருக்கு இன்னுமொரு வழி மாதா கோவில். மேரி, ரோசி, லூசி எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வெகுகாலமாக இருந்த இரண்டு தட்டுப் பேர்கள்.

நட்சத்திர எழுத்தும் சின்னப் பேருக்குத் துணைபோனது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நாலு பாதத்துக்கும் நாலு எழுத்து. மகத்துக்கு மா, மீ, மூ, மே. பிள்ளை முதல் பாதத்தில் பிறந்தால் மாலா, இரண்டில் மீனா. சித்திரை மூன்றாம் பாதத்துக்கு ரா. சுவாதி இரண்டாம் பாதத்துக்கு ரே. முதல் எழுத்தை ஐயர் கொடுத்துவிட்டார், இன்னும் ஒரு எழுத்துப் போட்டால் பேர் முடிந்தது. சிக்கல் என்னவென்றால் இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துக் கட்டப்பட்டது. ர, ல, ட எல்லாம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும். திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு "ங". அதில் தொடங்கி ஒரு பெண்ணுக்குப் பேர் வைக்க யாரால் முடியும்? இதன் பிறகு எண் சோதிடம் வந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை எண். கூட்டுத்தொகை சரிவராவிட்டால் பேரின் கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டு. சின்னப் பேர் இந்தக் கூட்டல் கழித்தலுக்கு வசதி. மலைநாட்டில் ஒரே பேர் ஆங்கிலத்தில் விதம்விதமாக எழுதப்படுவதற்கு இன்று கிளாக்கர் ஐயாவைவிட எண் சோதிடர்தான் பெரிய காரணம்.

இதில் சொல்லத் தயங்குகிற ஒரு பக்கமும் உண்டு. 1977, 1981, 1983 வன்செயல்களில் பேரைக் கேட்டே ஆளை இனங்கண்டார்கள். மாரியாயி என்ற பேரை எந்தச் சந்தியிலும் ஒளிக்க முடியாது. மாலா, ராணி, சாந்தி, பத்மா ஆகியவை சிங்களப் பெண்களுக்கும் உள்ள பேர்கள். சிங்களப் பெற்றோரும் நேரம் பார்த்து முதல் எழுத்துக் கேட்டு வைப்பவர்கள்தான். அதனால் இந்த ஒற்றுமை இயல்பாகவும் வந்தது. ஆனாலும் அந்த வருடங்களுக்குப் பின் பொதுவான பேரைத் தெரிந்தெடுத்த தாயைப் பார்த்து, பரம்பரையை விட்டுவிட்டாள் என்று குறை சொல்வது அநியாயம். பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதும் பேர் வைக்கும்போது யோசிக்க வேண்டிய விசயமாக இருந்த நாடு இது.

1990களிலிருந்து பதிவில் ஏறும் பேர் மறுபடி நீண்டது. தனுஷ்கா, ஹர்ஷினி, டிலக்ஷனா, கிருஷாந்தினி. ஷவும் க்ஷவும் இல்லாத பேரைத் தேட வேண்டியிருந்தது. வீட்டில் அதே பிள்ளைகள் பாப்பா, அம்மு, குட்டி. பாட்டி காலத்து ஏற்பாடுதான் திரும்பிவந்தது. இப்போது குறுகிய பேர் மீண்டும் பதிவில் ஏறுகிறது, இம்முறை தமிழ்ச் சொல்லாக. 1916இல் மறைமலையடிகள் தொடங்கி வைத்த தனித்தமிழ் இயக்கம், வேதாசலம் என்ற தன் பேரையே மாற்றிக்கொண்ட அவருடைய பிடிவாதம், நூறு வருடம் சுற்றி, நிலா, கயல், மலர், யாழி என்று லயத்துக் காம்பராவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

லயங்களும் மெல்ல மாறுகின்றன. 2018இல் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஸ்கொட்லாந்துக் குன்றின் பேர் கொண்ட தோட்டத்துக்குள் மகாத்மா காந்திபுரம் என்று ஓர் ஊர் எழுந்தது. 2024 குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" என்பதோடு "மலையகத் தமிழர்" என்ற பேரும் இடம்பெற்றது. அந்தச் சொல்லுக்காகப் பல வருடம் எழுதியும் பேசியும் கேட்டிருந்தார்கள்.

பேர் தேடுகிற இளந்தம்பதிகள் கணக்காகத்தான் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவு, பாடசாலை அனுமதி, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். ஒன்று மாறினால் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகம், ஒரு நாள் பேர் போச்சு. மூன்று மொழியிலும் பிசகாமல் எழுத நிலாவும் மீனாவும் சுலபம். யாழி அப்படியில்லை: சிங்களத்தில் ழ என்ற எழுத்தே இல்லை, ஆங்கிலத்திலும் அதற்கு ஒரு முடிவான வழி இல்லை. அது தெரிந்தும் யாழி என்று வைக்கிறார்கள். படிவத்தைத் தமிழிலேயே தங்கள் கையால் நிரப்பி, பதிவாளர் எழுதும்போது பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிச் சொல்லி, பத்திரத்தை வாங்கியதும் அங்கேயே வாசித்துப் பார்த்த பிறகுதான் கந்தோர்ப் படி இறங்குகிறார்கள்.